எட்டுக்கு எட்டு அறைக்கு ஒரு கட்டில்

கட்டில் கடைக்கு வருகிறவர்கள் கட்டிலைப் பற்றிப் பேசுவதே இல்லை, அறையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்குக் கட்டில் கடை. இரும்புக் கட்டில்களைப் பின்பக்க ஷெட்டில் அவரே செய்வார். மரக் கட்டில்கள் பெங்களூரிலிருந்து பாகம் பாகமாக வரும். வீடுகளுக்குப் போய் அளவெடுப்பது என் வேலை. படுக்கையறைக்குள் ஓர் அந்நிய ஆண் டேப்போடு நுழைவது யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால் கல்யாணமான புதிதிலேயே அந்த வேலை என் தலையில் விழுந்தது. கட்டிலைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பவர் செல்வம். எங்களோடு வெகு காலமாக இருக்கிறார், அதிகம் பேச மாட்டார்.

லைன் வீட்டில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள் அவை. முன்னால் ஓர் அறை, உள்ளே ஓர் அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், வீடுகள் அப்படியே இருக்கின்றன, குடும்பங்கள்தான் பெருத்துவிட்டன. கட்டிலை இந்தப் பக்கம் போட்டால் கதவு திறக்காது. அந்தப் பக்கம் போட்டால் பீரோ திறக்காது. இரண்டும் திறக்கிற மாதிரி போட்டால் தலை வடக்கே வந்துவிடும், வீட்டுப் பெரியவர்கள் விட மாட்டார்கள். நீங்களும் ஒரு நாள் அறை நடுவில் நின்று இப்படி முழித்திருப்பீர்கள். கட்டிலை மாற்றிப் போட்டுப் பார்த்து, முழங்காலில் இடித்துக்கொண்டு, பழைய இடத்திலேயே திரும்பப் போட்டிருப்பீர்கள். அப்படியென்றால் கீழே வருகிறவர்களை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

உட்காரும் கட்டில்

ஊரிகத்தில் ரேவதி என்று ஒரு பெண். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளும் கணவனும் பெங்களூரில் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்தார்கள். விடியற்காலை ரயிலுக்குச் சேர்ந்து ஓடுவார்கள், இரவு ரயிலில் சேர்ந்து திரும்புவார்கள். உள் அறையில் மாமனார், மாமியார், கல்யாணமாகாத நாத்தனார். இவர்களுக்கு முன்னறை. டிவியும் அங்கேதான், மாமனாரின் பிளாஸ்டிக் நாற்காலியும் அங்கேதான். சுவரிலிருந்து இறக்கிக்கொள்கிற கட்டில் ஒன்றைப் போனில் காட்டி, "இது மாதிரி வேணும் அக்கா" என்றாள். செல்வம் சுவரில் ட்ரில்லை வைத்தார். காரை பெயர்ந்து, உள்ளேயிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. "இந்தச் செவுரு காலண்டர் தாங்கும், கட்டில் தாங்காது" என்று ட்ரில்லைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

கடைசியில் சோபா கம் பெட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். பகலில் சோபா, இரவில் இழுத்தால் கட்டில். மாமியார் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து ரேவதி என் பக்கத்தில் வந்து, "படுத்தா சத்தம் வராதே அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். மூட்டு மூட்டாக எண்ணெய் விடச் சொல்லி, நானே அதன் மேல் உட்கார்ந்து எழுந்து காட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கடைக்கு வந்தாள். சோபாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். சத்தம் வருகிறதா என்றேன். அதெல்லாம் இல்லையாம். மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டுவிட்டுச் சோபாவுக்கு வந்துவிட்டார். சாய்ந்து டிவி பார்க்கிறார், அப்படியே தூங்கிவிடுகிறார். இவர்கள் இரண்டு பேரும் அடுப்படியில் அரிசி டின்னில் சாய்ந்து உட்கார்ந்து, அவர் எழுந்திருப்பாரா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பாதி நாள் அவர் எழுந்திருப்பதில்லை. இவள் உள்ளே போய் மாமியார் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். "அவரு நல்லவருதான் அக்கா. அந்த வீட்ல அவருக்குச் சாஞ்சி உக்கார ஒரு எடமே இருந்ததில்ல. எப்படி எழுப்பறது?" என்றாள். சரி, இதற்குப் பதில் எது வேண்டும் என்றேன். கடையில் இருந்த கட்டில்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"யாரும் உக்கார முடியாத கட்டில் ஏதாச்சும் இருந்தா குடுங்க அக்கா."

மடக்குக் கட்டில்

இது சின்னக் கதை. ஒரு மகன் அப்பாவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்தார். இருப்பதிலேயே சின்னதாக மடிகிற கட்டில் வேண்டும், கொஞ்ச மாதம் அண்ணன் வீடு, கொஞ்ச மாதம் தன் வீடு, அப்பாவோடு கட்டிலும் ஆட்டோவில் ஏற வேண்டும் என்றார். நான் ஒன்றை விரித்தேன். பெரியவர் அதில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். படுத்துப் பாருங்கள் என்றேன், வேண்டாமென்று எழுந்துவிட்டார். நான் அதை மடித்துக் கதவின் பின்னால் நிறுத்தியதும் பக்கத்தில் போய்ப் பார்த்தார். மகன் வெளியே ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் கட்டிலைத் தொட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"எவ்ளோ சின்னதா போயிடுது பாருங்கம்மா, என்னையும் இப்படி மடிச்சி வைக்க முடிஞ்சா பசங்களுக்குச் சௌரியம்."

பாதி திறக்கும் பீரோ

ஆண்டர்சன்பேட்டையில் விமலா டீச்சர். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அவரும் மட்டும். டீச்சருடைய அறை அகலம் குறைவு. ஒரு பக்கம் இரும்பு பீரோ, எதிர்ப் பக்கம் சுவர். நான் டேப்பைப் பிடித்த உடனேயே தெரிந்துவிட்டது, ஒற்றைக் கட்டில்தான் போகும். டீச்சரும் அதைத்தான் கேட்டார். "மூணடி அகலம் போதுங்க, டிராயர் வச்சது. புத்தகத்தையெல்லாம் கீழ போட்டுக்கறேன்" என்றார். ஜன்னலை ஒட்டிப் போடலாம், காலையில் வெளிச்சம் வரும் என்று அவரே இடத்தைக் காட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருகிறவர்கள் எங்கள் தொழிலில் குறைவு.

அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "ஒத்தக் கட்டிலா?" என்றார். "ஒத்தக் கட்டில் வாங்கிப் போட்டா நான் இன்னா நெனைக்கறது? அவ்ளோதான், முடிஞ்சிடுச்சின்னா?" டீச்சர், "அம்மா, ரூம் பத்தாதும்மா" என்றார். அம்மா அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் டேப்பைச் சுருட்டவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றேன். டீச்சர் ஒரு முறை அந்த ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, "டபுளே போட்டுடுங்க" என்றார். பீரோ கதவு இடிக்கும் என்று நான் சொன்னேன். "பரவால்ல" என்றார்.

சில மாதங்கள் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நல்ல ஊதாப் புடவை, கொஞ்சமும் பொருந்தாத பச்சை ரவிக்கை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். கட்டில் சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டேன். அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி என்றார். பஸ் வந்தது. ஏறப் போனவர் திரும்பிச் சொன்னார்:

"பீரோ பாதிதாங்க தொறக்குது, கையை விட்டா எது வருதோ அதைக் கட்டிகினு போறேன்."

ஸ்பானர்

சாம்பியன் என்கிற பகுதியில் ஒரு வீடு. அம்மாவுக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். மகன் குமார் கடைக்கு வந்து, "அம்மா நல்லா அகலமா படுக்கணும் அக்கா, இத்தனை வருஷம் பாய்லயே படுத்தாங்க" என்றான். நான் போய் அளவெடுத்தேன். அகலக் கட்டில் போட்டால் மூன்று பக்கமும் சுவரைத் தொடும், கால்மாட்டில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம்தான் மிஞ்சும். நோயாளிக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விட வேண்டும் என்று சொன்னேன். கெஞ்சியே சொன்னேன். "நானும் தங்கச்சியும் மேல ஏறிப் பாத்துக்கறோம்" என்றான். அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் கட்டில் மேலேயே உட்கார்ந்து அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவதை நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் மெத்தையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

ஒரு நாள் காலையில் குமார் போன் செய்தான். "அம்மா போயிட்டாங்க அக்கா. செல்வம் அண்ணனைக் கொஞ்சம் ஸ்பானரோட அனுப்பறீங்களா?" எனக்கு முதலில் புரியவில்லை. போனதும் புரிந்தது. முன்னறையில் கிடத்த வேண்டும். ஆனால் தூக்குகிறவர்கள் நிற்க அந்த அறையில் இடமே இல்லை. அம்மா படுத்திருக்கும்போதே கட்டிலைக் கழற்ற வேண்டும். செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கால்மாட்டில் மண்டியிட்டு ஒவ்வொரு போல்டாகக் கழற்றினார். அவர் மாட்டியதுதான், இறுக்கமாக மாட்டியிருந்தார். ஸ்பானர் வழுக்கும்போதெல்லாம் கட்டில் அதிர்ந்தது. அதிரும்போதெல்லாம் செல்வம், "மன்னிச்சிக்கம்மா, மன்னிச்சிக்கம்மா" என்றார். கால்மாட்டுப் பலகையும் ஒரு பக்கச் சட்டமும் வந்த பிறகு, மெத்தையோடு இறக்கிக் கொண்டுபோனார்கள். வெளியே பறையடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

நானும் செல்வமும் கழற்றிய பாகங்களைச் சுவரோரம் சாத்திக்கொண்டிருந்தோம். செத்துப்போன அம்மாவின் கொழுந்தனார் உள்ளே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, அழுதிருந்தார். சட்டத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். செல்வத்தின் தோளில் கையைப் போட்டுச் சொன்னார்:

"நல்ல வெயிட்டான மரம்பா, திருப்பி மாட்டும்போது நம்ம வீட்ல மாட்டிடு, இங்க இனிமே யாரு படுக்கப்போறாங்க."

மேல் தட்டு

இங்கேயே மைசூர் மைன்ஸ் லைனில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் ஏழுமலை, தம்பி தனபால். இரண்டு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். அண்ணனுக்கு மனைவி இறந்துவிட்டார். தம்பியின் மனைவி பிள்ளைகளோடு குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் யாருக்கு உரிமை என்று சண்டை. வீட்டை விட்டு வெளியே போகிறவனுக்கு உரிமை போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் இரண்டு பேரும் போகவில்லை. முன்னறையைத் தையல் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஓர் அறையில், பேச்சுவார்த்தை இல்லாமல், இரண்டு பேரும் இருந்தார்கள்.

ஹாஸ்டலில் போடுகிற மாதிரி இரண்டு தட்டுக் கட்டில் கேட்டு வந்தவர் தம்பி. நான் அளவெடுக்கப் போனபோது அண்ணனும் இருந்தார். "மேல யாரு படுக்கறதுன்னு கேளுங்க" என்றார் அண்ணன் என்னைப் பார்த்து. "நான்தான்னு சொல்லுங்க. அவரு முட்டி ஏறாது" என்றார் தம்பி, அவரும் என்னையே பார்த்து. ஃபேனை எந்தப் பக்கம் வைப்பது, லைட்டை யார் அணைப்பது எல்லாம் என் வழியாகவே முடிவாயிற்று. கிளம்பும்போது தம்பி, "மேல படுத்தா அந்த மூஞ்சியைப் பாக்க வேணாம், அதுக்காகத்தான்" என்றார். அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் ஏழுமலை மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு தனபால் கடைக்கு வந்து, மேல் தட்டைக் கழற்றிவிடச் சொன்னார். இனி கீழேயே படுத்துக்கொள்வாராம், ஏறி இறங்குவது கஷ்டமாக இருக்கிறதாம். செல்வம் போய்க் கழற்றி, தட்டை வெளித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்துத் தனபால் மறுபடி வந்தார். முகம் வீங்கியிருந்தது, தூங்காத முகம். கட்டில் ஆடுகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கல்லாவுக்கு எதிரில் வந்து நின்றார். சொன்னது இதுதான்:

"கீழ படுத்தா கூரை ரொம்ப ஒசரமா தெரியுதும்மா, அந்தத் தட்டைத் திருப்பி மாட்டிடச் சொல்லுங்க."

இடமே இல்லாத அறை

ஸ்கெலட்டன் லைனிலிருந்து காசியம்மாள் என்று ஓர் அம்மா வந்தார். "உங்க கடையிலேயே பெரிய கட்டில் எது?" என்றார். அறை எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். அந்த அறைக்கு அந்தக் கட்டில் போட்டால் காலை வைக்கத் தரையே இருக்காதே என்றேன்.

"தரை இருக்கக் கூடாதும்மா, அதுக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

அவருடைய கணவர் பெருமாள், சுரங்கத்தில் கூரை சரியாமல் மரத்தால் முட்டு, அவர்கள் பேச்சில் செட்டு, கொடுக்கிற வேலையில் இருந்தவர். இப்போது ஞாபகம் எல்லாம் போய்விட்டது. பெண்டாட்டி பெயர் தெரியாது, சாப்பிட்டது தெரியாது. ஆனால் முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரம் மட்டும் தெரிகிறது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, மூடிக் கிடக்கிற பழைய ஷாஃப்ட் குழிப் பக்கம் நடக்கிறார். அங்கே இப்போது முள்ளும் புதரும்தான். ஒரு முறை பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. வெளியே பூட்டினால் கதவை உடைக்கிற மாதிரி அடிக்கிறார். அறை முழுக்கக் கட்டிலாக இருந்து, கதவுப் பக்கம் தான் படுத்துக்கொண்டால், அவர் தன்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், தான் எழுந்துவிடலாம் என்பது காசியம்மாளின் யோசனை. பிள்ளை இல்லை. வேறு யாரும் வந்து பார்ப்பவர்களும் இல்லை.

இத்தனை வருஷமாக இடத்தை மிச்சம் பிடித்தே பழகிய நான், முதல் தடவையாக இடம் மிஞ்சாமல் இருக்க அளவெடுத்தேன். என் வீட்டுக்காரர் சுவருக்குச் சுவர் முட்டுகிற மாதிரி இரும்புச் சட்டம் செய்து கொடுத்தார். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். செல்வம் மாட்டிக்கொண்டிருந்தபோது பெருமாள் வந்து நின்றார். கட்டில் காலை விரல் முட்டியால் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். ஒவ்வொரு மூட்டையும் தடவிப் பார்த்தார். "செட்டு நல்லா கீது. லோடு வந்தா தாங்கும்" என்றார். செல்வம் எழுந்து நின்று, "சரிங்க மேஸ்திரி" என்றார். பெரியவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. காசியம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டார்.

அடுத்த மாதம் மார்க்கெட்டில் காசியம்மாளைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார், கையில் கீரைக்கட்டு. பெரியவர் இன்னும் எழுந்து போகிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்பாடா என்றேன். அந்த அம்மா கீரைக்கட்டைக் கை மாற்றிக்கொண்டு சொன்னார்:

"அவரு வெளிய போறதே இல்லம்மா, அந்தக் கட்டிலையே சுரங்கம்னு நெனச்சிகினாரு. நான் எழுந்தாலும் கையைப் புடிச்சிக்கறாரு, 'ஷிப்ட் முடியல, நீ எங்க போற?'ன்னு."

கட்டிலுக்குத்தான் கியாரண்டி, தூக்கத்துக்கு இல்லை என்பதை மட்டும் நாங்கள் பில்லில் அச்சடிக்காமல் வைத்திருக்கிறோம்.